பேர் சொல்லிச் செய்த ஜெபம்

வீடு சந்திக்கும் ஊழியத்துக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதிக்கொள்வது.

உங்கள் கூட்டத்துக்கு வந்து கொஞ்சம் பேசச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். எனக்கு அது வராது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை வயதுக்குப் பிறகும் அப்படித்தான். எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். பிழை இருந்தால் வாசிக்கிற பிள்ளை திருத்திக்கொள்ளட்டும்.

இதில் ஒருவருக்கும் பேர் போடமாட்டேன். ஊருக்கும் பேர் போடமாட்டேன். ஏன் என்று வாசித்து முடிக்கும்போது தெரியும்.

தோணியில் எந்தப் பக்கம் இருப்பது, நாய் நிற்கிற வளவுக்குள் எப்படி நுழைவது, எந்த வீட்டுக்கு எந்த நேரம் போகக்கூடாது என்பதெல்லாம் போகப் போகத் தானாக வந்துவிடும். நான் எழுத வந்தது என்னுடைய ஒரு பிழையை. அது எங்களைப் போன்ற ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய பிழை. கள்ளனுக்கு வராது, குடிகாரனுக்கு வராது, ஜெபிக்கிறவளுக்குத்தான் வரும்.

நாட்டில் சண்டை தொடங்க முந்திய காலம் அது. எனக்கு இருபத்துநாலு வயது. கலியாணம் முடித்து இரண்டாம் வருடம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. சபையில் என்னை வேதப் பெண்ணாக வைத்தார்கள். நாங்கள் இருந்தது வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். தோணியில் வாவியைக் கடந்து, மேற்கே படுவான்கரை ஊர்களுக்குப் போவோம். பெண்களோடு இருந்து வேதம் வாசித்து, கேட்டவர்களுக்கு எழுத்துப் படிப்பித்து, ஜெபித்துவிட்டுப் பொழுது சாய முந்தித் திரும்புவோம். ஊர்ச் சனம் எங்களை வேதக்கார அக்கா என்று கூப்பிடும்.

வாசிப்பதற்கு நான் பயப்படவில்லை. கண் புத்தகத்தில் இருக்கும், ஒருவரையும் பார்க்கத் தேவையில்லை. வாய்விட்டு ஜெபிப்பதுதான் பயம். எனக்குச் சொந்தமாகச் சொல் வராது. மூன்று வசனத்தில் முடிந்துவிடும். பிறகு சத்தமில்லாமல் இருப்பேன். பெண்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்.

என்னைப் பழக்கிய மூத்த அக்காவிடம் இதைச் சொன்னேன். பட்டினத்தில் இருபது வருடம் ஊழியம் செய்தவர் அவர். பொதுவாக ஜெபிப்பது சோம்பல் என்றார். யாருக்கு என்ன குறை என்று கேட்டு மனதில் வைத்து, பேர் சொல்லி ஒவ்வொன்றாகக் கேள், ஜெபம் தானாக நீளும் என்றார்.

நீண்டது. இன்னாருடைய எருமை கன்று போடவேண்டும், இன்னாருடைய வயல் வட்டைக்குத் தண்ணீர் வரவேண்டும், இன்னாருடைய மருமகனுக்குக் கோபம் குறையவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். பெண்களுக்கும் பிடித்துக்கொண்டது. போன கிழமை என்னை விட்டுவிட்டீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு அம்மா தன் ஆட்டின் பேரைச் சொல்லி அதற்கும் ஜெபிக்க வைத்தார். அந்த ஆடு நல்லாகிவிட்டது. என் பேரும் கூடிவிட்டது. எனக்கும் ஜெபிக்க வருகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்ததை மறைக்கமாட்டேன்.

படுவான்கரையில் ஒரு ஊரில் வாவி ஓரத்து வளவு ஒன்றில் புதன்கிழமை பின்னேரங்களில் கூடுவோம். ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இரண்டு பேர்தான், மற்றவர்கள் கேட்க வருகிறவர்கள். வளவுக்காரி பன்புல்லில் பாய் இழைக்கிறவள். என்னிலும் இரண்டு வயது குறைவு. எட்டு மாதப் பெண்குழந்தை ஒன்று கையில். வீடு அவளுடையது, தாய் சீதனமாகக் கொடுத்தது. தாயும் கூடவே இருந்தார். புருசன் வெள்ளாமைக் காலத்தில் வயல் வாடிக் குடிசையில் தங்கிவிடுவான். அவளை இனிப் பாய்க்காரப் பிள்ளை என்றே எழுதுகிறேன். அவள் இழைத்த பெரிய பாயில்தான் எல்லோரும் இருப்போம்.

ஒரு புதன்கிழமை நான் வெள்ளென, மற்றவர்களுக்கு முந்தியே, போய்விட்டேன். பாய்க்காரப் பிள்ளை கிணற்றடிக்கு வரச் சொன்னாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினாள். மேல்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவில் வெளிறின தேமல் ஒன்று.

"மூண்டு மாசமா இரிக்கிக்கா. நடுவில கிள்ளினா நோகிறமாதிரியும் இரிக்கி, நோகாதமாதிரியும் இரிக்கி. அம்மாக்கும் காட்டல்ல. உங்களுக்கு மட்டுந்தான். ஜெபியுங்க."

அந்த வருத்தத்தின் பேரை, அந்த நோயின் பேரை, அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வாவிக்குள் ஒரு தீவு உண்டு. அந்த வருத்தக்காரரை அங்கேதான் வைத்துப் பார்த்தார்கள். தோணியில் போகும்போது மரங்கள் தெரியும். அங்கே நல்லபடிதான் கவனித்தார்கள் என்று பிற்காலம் போய்ப் பார்த்து அறிந்தேன். ஆனால் அந்த நாளில் தோணிக்காரர்கூட அந்தப் பக்கம் முகம் திருப்பமாட்டார். அங்கே போகிறவள் பால்குடிக்கிற குழந்தையைக் கொண்டுபோக முடியாது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஜெபிக்கிறேன் என்று சொன்னேன். அரை மணித்தியாலத்தில் பெண்கள் வந்துவிட்டார்கள். வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று ஞாபகமில்லை, தேமலே கண்ணுக்குள் நின்றது. ஜெபத்துக்குக் கண்ணை மூடினோம். பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைக்கும். எனக்கு அன்றைக்குத் திறந்துகொண்டது. எருமை, வட்டைத் தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டி அவளிடம் வந்தேன். அவளுடைய பேரைச் சொன்னேன். தகப்பன் பேரையும் சேர்த்துச் சொன்னேன். கையில் இருக்கிற அந்த மறுவை எடுத்துப்போடும், அந்தப் பெரிய வருத்தமாக இருக்க விடாதேயும், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காதேயும் என்று அழுது கேட்டேன். அவ்வளவு உருக்கமாக நான் அதற்கு முன்பு ஜெபித்ததில்லை.

ஆமென் சொன்னது ஒரு குரல்தான், என்னுடையது.

கண்ணைத் திறந்தேன். பாயில் பாய்க்காரப் பிள்ளை மட்டும் இருந்தாள். மற்றவர்கள் சத்தமில்லாமல் எழும்பி முற்றத்து ஓரத்துக்குப் போய், ஆளாளுடைய பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் இன்னும் கண்ணை மூடியபடி இருந்தாள். திறக்கப் பயந்திருக்கிறாள்.

ஒருவரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக வேலிப் படலையைத் தாண்டிப் போனார்கள். தாய் மட்டும் அடுப்படியிலிருந்து வந்து நின்றார். அதுவரை என்னை நீங்கள் என்று மரியாதையாகப் பேசியவர்.

"கடவுளுக்குச் சொல்லச் சொன்னா ஊருக்குச் சொல்லிப்போட்டியேகா," என்றார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு தோணித்துறைக்குப் போய்விட்டேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. தோணியில் இருந்து திரும்பிப் பார்த்தபோது கரையில் இரண்டு இடத்தில் புகை எழும்பியது. அவளிடம் வாங்கின பாய்களை எரித்தார்கள் என்று தோணிக்காரர் அடுத்த நாள் வந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு சாம்பல் போட்டுக் கழுவினேன். அவள் மடித்துத் தந்த வெற்றிலையை எத்தனை தரம் வாங்கித் தின்றிருப்பேன், அந்தக் குழந்தையை எத்தனை தரம் தூக்கியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவளுக்கு நான் செய்ததைவிட, எனக்கு என்ன வந்துவிடுமோ என்பதுதான் முதலில் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் மற்றது எல்லாம் பொய்யாகிவிடும்.

ஞாயிறு கோயிலில் என் பக்கத்தில் யாரும் நெருங்கி உட்கார்ந்தால் நான் தள்ளி உட்கார்ந்தேன். நெஞ்சு நோகிறது, இனிப் படுவான்கரைக்குப் போக ஏலாது என்று சொல்லிவிட நினைத்திருந்தேன். திங்கட்கிழமை ஊர் அதிகாரியான விதானையிடமிருந்து மூத்த அக்காவுக்கு ஆள் வந்தது. உங்களுடைய வேதக்கார அம்மா ஒரு பெண்ணுக்கு அந்த வருத்தம் என்று சொன்னாராம், உண்மையென்றால் மேலே அறிவிக்கவேண்டும், அவரே வந்து சொல்லட்டும் என்று.

மூத்த அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் அழுதுகொண்டே, நீங்கள்தானே பேர் சொல்லி ஜெபிக்கச் சொன்னீர்கள் என்றேன். அவருடைய பட்டினத்து வீடுகளில் கதவைச் சாத்திவிட்டு ஒருத்தியோடு மட்டும் இருந்து ஜெபிப்பாராம். முற்றத்துப் பாயில் எட்டுப் பேரோடு என்பதை அவர் யோசிக்கவேயில்லை என்று ஒத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நாளைக்குப் போ. தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லு. அதுக்கு மேல ஒரு சொல்லும் வேணாம்."

போனேன். விதானை படலைக்கு வெளியே, வேலியிலிருந்து நாலு முழம் தள்ளி நின்றார். அவருக்கும் பயம். ஊர்ப் பெண்கள் தூரத்தில் நின்றார்கள். உள்ளே, குழந்தையை அணைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"நீங்க கண்ணால கண்டீங்களா? அது குட்ட வருத்தந்தானா? ஒண்டில் ஓம் எண்டு சொல்லுங்க, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்க. இதில என்ட தலையும் இரிக்கி," என்றார் விதானை.

பிள்ளைகளே, இல்லை என்று சொல்ல வாய் வந்தது. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், அங்கே ஒன்றுமில்லை என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். அவள் என்னைப் பார்த்த பார்வையும் அதைத்தான் கேட்டது. ஆனால் உண்மையில் அந்த வருத்தமாக இருந்தால்? குழந்தை அவள் மார்பில் கிடந்தது. என் பொய்யை நம்பி அவள் மருந்துக்குப் போகாமல் இருந்தால்? ஓம் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

"ஒரு தேமலைக் கண்டன். என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியாது. நான் ஜெபத்தில சொன்னது பயத்தில சொன்னது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாக்கிட்ட நானே கூட்டிக்கொண்டு போறன். அவர் சொல்லட்டும்," என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் அதுவரை பேசியதில்லை.

விதானை ஒரு கிழமை தவணை தந்தார்.

அதற்குப் பிறகு தோணி. தோணிக்காரர் ஏற்ற மறுத்தார். "உங்கட யேசு தண்ணிக்கு மேல நடந்தவராம். ரெண்டு பேரும் நடந்து போங்களன்," என்றார். துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தோணியைக் கரையில் நானே மணல் போட்டுத் தேய்த்துக் கழுவித் தருகிறேன் என்று நான் சொன்னபிறகு ஏற்றினார். குழந்தையை நான் வைத்துக்கொள்ளவேண்டும் என்றார். அவளிடமிருந்து வாங்கும்போது அவளுடைய கையில் என் கை படாமல் பார்த்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். தீவின் மரங்கள் தெரிந்ததும் குழந்தையின் காலை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கரை மறையும்வரை விடவில்லை.

அப்போதிக்கரி ஒரு பஞ்சையும் ஊசியையும் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போது ஓம் என்று சொல்லச் சொன்னார்.

"கண்ணை மூடமாட்டன் ஐயா."

"ஏன்?"

"அண்டைக்கு மூடித்தான் நான் கெட்டது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அப்படியென்றால் நீங்கள் அவளுடைய கண்ணைப் பொத்துங்கள் என்று என்னிடம் சொன்னார். குழந்தையைப் பக்கத்து மர வாங்கில் கிடத்திவிட்டு, பின்னால் நின்று பொத்தினேன். அவளுடைய இமை மயிர் என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. ஓம் என்றாள். ஓம் என்றாள். தேமலின் விளிம்பில் ஓம் என்றாள். நடுவில் ஊசி தொட்டதை நான் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் தொட்டார். நெடுநேரம் கழித்து, கேட்பதுபோல, ஓமா என்றாள்.

அப்போதிக்கரி ஊசியை வைத்தார். சந்தேகம்தான், இப்போது ஒன்றும் முடிவாக எழுதமாட்டேன், விதானை பொறுக்கட்டும், பூச்சு மருந்து தருகிறேன், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். பால் கொடுக்கலாமா என்று அவள் கேட்டாள். நிறுத்தச் சொல்லமாட்டேன் என்றார். தொட்டவுடனே ஒட்டுகிற வருத்தமில்லை இது என்று என்னைப் பார்த்தும் சொன்னார். என் முகத்தில் எழுதியிருந்திருக்கும்.

இனி ஆறு மாதம். ஊர் அவளை ஒதுக்கிவிட்டது. கிணறு அவளுடைய வளவிலேயே இருந்தபடியால் தண்ணீருக்குக் குறைவில்லை. பாய் வாங்க ஒருவரும் வரவில்லை. புருசன் வாடியிலிருந்து நெல் அனுப்பினான், ஆள் வரவில்லை. புதன்கிழமைகளில் நான் போனேன். பாயில் அவளும் நானும், தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு தாயும். நான் வாசிப்பேன். ஜெபத்துக்கு வாய் திறக்க வராது, கண்ணை மூடிச் சும்மா இருப்பேன். அவளும் கேட்கமாட்டாள்.

முதல் நாளே ஒன்று செய்தேன். படலையில் நின்று, அயல் வீடுகளுக்குக் கேட்கும்படி, "தண்ணி விடாய்க்கிது பிள்ள, ஒரு செம்புத் தண்ணி தா," என்று கேட்டேன். அந்த வீட்டில் நான் தண்ணீர் குடிக்கிறேன் என்று ஊர் அறியவேண்டும், அதுதான் நான் செய்யக்கூடிய பரிகாரம் என்று நினைத்தேன். அவள் செம்பைக் கழுவி நிறையக் கொண்டுவந்து தந்தாள். குழந்தை அழுதது, உள்ளே போனாள். செம்பு என் கையில். அண்ணாந்தேன். ஏலவில்லை. முருங்கையடியில் ஊற்றிவிட்டு, குடித்ததுபோல வாயைத் துடைத்துக்கொண்டேன்.

ஆறு மாதமும் அப்படித்தான். ஒவ்வொரு புதனும் சத்தமாகக் கேட்பேன், அவள் தருவாள், உள்ளே போவாள், நான் ஊற்றுவேன். வீட்டில் காலையில் எழும்பியதும் ஊசியால் என் கையில் குத்திப் பார்ப்பேன். நோகும். நொந்தது ஊசியா, நினைப்பா என்று சந்தேகம் வரும். இன்னும் ஆழமாகக் குத்துவேன். மாதக் கூட்டத்தில் மூத்த அக்கா எல்லோருக்கும் முன்னால், ஒருவரும் போகாத வீட்டில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாளே என்று என்னைப் புகழ்ந்தார். மற்ற வேதப் பெண்கள் என் கையைப் பிடித்தார்கள். நான் குனிந்து கொண்டிருந்தேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் அதே வாங்கு, அதே ஊசி. தேமல் பாதி மங்கியிருந்தது. இந்த முறை அவள் தானே கண்ணை மூடிக்கொண்டாள். நடுவில் தொட்டதும், ஓம் நோகுது என்று கையை இழுத்துவிட்டாள். அப்போதிக்கரி சிரித்தார். இது அந்த வருத்தம் இல்லை, வெறும் தேமல் என்று விதானைக்குக் கடுதாசி எழுதித் தந்தார். வழியெல்லாம் அவள் குழந்தையை என்னிடம் தரவேயில்லை. தோணிக்காரர் தோணியைக் கழுவச் சொல்லவில்லை.

கடுதாசி வந்துவிட்டது என்று எல்லாம் அன்றைக்கே பழையபடி ஆகவில்லை. புருசன் முதலில் வந்தான். பிறகு பெண்கள் ஒருத்தி, இரண்டு பேர். நாலாவது புதன்கிழமை பாய் நிறைந்துவிட்டது. ஒன்றும் நடக்காததுபோலக் கதைத்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டிருந்தார்கள். நான் அதில் இருந்தேன்.

வாசித்து முடித்தேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். எனக்கு வாய் வரவில்லை. யாருடைய பேரைச் சொன்னாலும் யாராவது எழும்பிப் போய்விடுவார்கள் போலிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்போது பக்கத்திலிருந்து அவள் ஜெபிக்கத் தொடங்கினாள். அவள் ஞானஸ்நானம் எடுக்காதவள். வாய்விட்டு ஜெபித்ததேயில்லை. யாரோடோ வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கதைப்பதுபோலத்தான் கதைத்தாள்.

"ஆண்டவரே, இந்தப் பாயில ஒரு ஆள் இரிக்கிறா. ஆறு மாசமா முருங்கையடி மணல் ஈரமாக் கிடந்தத நான் கண்டன். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. அவ பயந்துபோய் இரிக்கிறா. பயந்துகொண்டும் வந்தா, நிக்காம வந்தா. அவட பயத்தை எடுத்துவிடுங்க. பேர் உங்களுக்குத் தெரியும்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். முருங்கையடி மணல் என்ன என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆளாளுக்குத் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் தலை நிமிரவில்லை. அந்த முற்றத்து மணல் வெள்ளை மணல். தண்ணீர் ஊற்றினால் கறுப்பாகத் தெரியும். ஆறு மாதமும் அதை நான் யோசிக்கவில்லை.

நான் படலையில் நின்று கேட்காமலே அன்றைக்கு அவள் செம்பைக் கொண்டுவந்தாள். குழந்தை உள்ளே அழுதது. அவள் எழும்பிப் போகவில்லை. எனக்கு முன்னால் முழங்காலை மடித்து இருந்தாள். அண்ணாந்து குடித்தேன். வாவிக்கரைக் கிணறு, தண்ணீர் கொஞ்சம் உவர். செம்பைக் கவிழ்த்துக் காட்டும்வரை குடித்தேன்.

கடுதாசி வந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.